அடுக்குமாடி வீட்டை விற்கும் முன் பார்க்கிங்கைப் போய்ப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு 62 வயது, மூட்டு வலி உண்டு. மகன் பாங்காக்கில் வேலையில் இருக்கிறான். பேத்தியைப் பார்க்க நானும் வீட்டுக்காரரும் போயிருந்தபோதுதான் 2025 மார்ச் 28-ஆம் தேதி நிலநடுக்கம் வந்தது. மகன் வீடு 24-ஆவது மாடி. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். முதலில் எனக்குத்தான் தலை சுற்றுகிறது என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் விளக்கு ஆடுகிறது, கதவு தானாகத் திறந்து மூடுகிறது, சுவருக்குள்ளிருந்து மரம் முறிகிற மாதிரி சத்தம். மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட, ஆட்டம் நிற்கும் முன்பே நாங்களும் படியில் இறங்கிவிட்டோம். இடையில் இரண்டு முறை விழப் பார்த்தேன்.

இப்போது கோவை சரவணம்பட்டியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். 12 மாடிக் கட்டடம், எங்களுடையது 9-ஆவது மாடி, கீழே முழுக்க பார்க்கிங். குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. ரோட்டில் லாரி போனாலும் ஆடுவது போலவே இருக்கிறது. அசோசியேஷனில் கேட்டால், கோயமுத்தூருக்கு எங்கே நிலநடுக்கம் வரப்போகிறது என்கிறார்கள். வீட்டுக்காரரோ, இதை விற்றுவிட்டு காங்கேயம் பக்கம் மாமனார் காலத்துத் தோட்டத்துச் சாளைக்கே (தோட்ட வீட்டுக்கே) போய்விடலாம், கல் வைத்துக் கட்டிய சுவர், அசையாது என்கிறார். நாங்கள் ஓடியது சரியா? இந்தக் கட்டடம் தாங்குமா? விற்றுவிடலாமா?
– வாசகி, கோவை

பதில்: அம்மா, வணக்கம்.

லாரி போனாலும் ஆடுவது போல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன். பெரிய நிலநடுக்கத்தை உயரத்தில் இருந்து அனுபவித்தவர்களுக்கு இப்படி வருவது சகஜம். ஜப்பானில் இதைப் பற்றி மருத்துவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். உடம்பு சமநிலை பார்க்கும் உறுப்பு காதுக்குள் இருக்கிறது. நீண்ட நேரம் ஆடியதில் அது குழம்பிப்போய், பிறகு சின்ன அசைவுக்கும் பயந்துகொள்கிறது. ஆடுகிறதா என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் ஒரு டம்ளர் தண்ணீரை மேசையில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் அசையாமல் இருந்தால் வீடு அசையவில்லை. பல மாதம் கழித்தும் தலைச்சுற்றல் போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

இனி மூன்று கேள்விகளுக்கும் பதில். ஆட்டத்தின் நடுவே படியில் ஓடியது சரியில்லை. வீட்டை இப்போதைக்கு விற்க வேண்டாம். சாளை இப்போது இருக்கிற நிலையில் அங்கே குடிபோகவே வேண்டாம். இந்த மூன்றில் கடைசியைத்தான் அழுத்திச் சொல்வேன். உங்கள் வீட்டுக்காரர் எதை நம்பி ஊருக்குப் போகலாம் என்கிறாரோ அந்தக் கல்சுவர்தான், நிலநடுக்கம் என்று வந்தால், நீங்கள் பயப்படுகிற ஒன்பதாவது மாடியைவிட ஆபத்தானது.

ஏன் என்று புரிய, பாங்காக்கில் நடந்தது என்ன என்று பார்க்க வேண்டும். அன்று பூமி பிளந்தது மியான்மரில், மாண்டலே நகரத்தை ஒட்டி. 7.7 அளவு. பாங்காக் அங்கிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் வருவதற்குள், படபடவென்று குறுக்கி அடிக்கும் வேகமான அதிர்வுகள் வழியிலேயே அடங்கிப்போகும். மெதுவாக, நீளமாக ஆடுகிற அலைகள் மட்டும் தாக்குப்பிடித்து வரும். பாங்காக் நகரம் உட்கார்ந்திருப்பது ஆழமான, மிருதுவான களிமண்மேல். அந்த மண் இந்த மெதுவான அலைகளைப் பெரிதாக்கிவிடும்.

நம் வீடுகளில் ஹாலில் சங்கிலி போட்டு ஊஞ்சல் மாட்டுவோம் அல்லவா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். சங்கிலி குட்டையாக இருந்தால் வேகமாக ஆடும், நீளமாக இருந்தால் நிதானமாக ஆடும். அதன் தாளத்துக்குச் சரியாகத் தள்ளிவிட்டால் ஒரு விரலே போதும், ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். தாளம் தப்பித் தள்ளினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் ஏறாது. கட்டடமும் அப்படித்தான். மூன்று மாடிக் கட்டடம் ஒருமுறை ஆடிவர அரை வினாடிகூட ஆகாது. உங்கள் 12 மாடிக்கு ஏறக்குறைய ஒரு வினாடி. முப்பது மாடி என்றால் இரண்டு, மூன்று வினாடி. பாங்காக்குக்கு வந்து சேர்ந்த மெதுவான அலை அந்த உயரமான கட்டடங்களின் தாளத்தோடு ஒத்துப்போயிற்று. அதனால்தான் மொட்டைமாடி நீச்சல்குளங்களிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியது. தெருவில் நின்றவர்களில் பலருக்கு அந்த அளவு ஆட்டம் தெரியவே இல்லை. 1985-இல் மெக்சிகோ நகரத்தில் இதேபோல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்த நிலநடுக்கத்தில், பழைய ஏரிப்படுகையின் மேல் நின்ற கட்டடங்களில் அதிகம் அடிபட்டவை ஏறக்குறைய 6 முதல் 15 மாடி வரை உள்ளவை. அதைவிடக் குட்டையானவை பெரும்பாலும் தப்பின.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாங்காக்கில் அன்று தரைமட்டமானது கட்டுமானத்தில் இருந்த, முப்பது மாடிக்கு மேற்பட்ட ஓர் அரசுக் கட்டடம். மக்கள் குடியிருந்த உயரமான கட்டடங்கள் சுவர் விரிசலோடும் உதிர்ந்த பூச்சோடும் நின்றன. உங்கள் மகன் வீட்டுச் சுவருக்குள் கேட்ட அந்த முறிகிற சத்தம் பெரும்பாலும் தடுப்புச் சுவர்கள் தூணோடு உரசிய சத்தம். கேட்க அடிவயிறு கலங்கும். ஆனால் ஆட்டத்தை வாங்கிக்கொண்டு வளைந்து கொடுக்கிற கட்டடம் அப்படிச் சத்தம் போடத்தான் செய்யும்.

சரி, கோவைக்கு வருவோம். “இங்கே எங்கே வரப்போகிறது” என்று அசோசியேஷனில் சொன்னவர்களிடம் 1900 பிப்ரவரி 8 என்ற தேதியைச் சொல்லுங்கள். அன்று அதிகாலை கோயம்புத்தூர் வட்டாரத்தையே மையமாகக் கொண்டு ஏறக்குறைய 6 அளவில் நிலநடுக்கம் வந்தது. தென்னிந்தியா முழுக்க உணரப்பட்டது. தென்னிந்தியாவில் பதிவான பெரிய நிலநடுக்கங்களில் அதுவும் ஒன்று. அன்றைக்கு நம் ஊரில் ஒரு கான்கிரீட் கட்டடம்கூட இல்லை. ஐ.எஸ். 1893 என்ற தேசிய விதிநூலின் 2016 பதிப்பில் கோவை மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறது, அதாவது மிதமான ஆபத்துள்ள பகுதி. குஜராத்தின் கட்ச் போல, வடகிழக்கு போல ஐந்தாம் மண்டலம் இல்லை. ஆனால் கணக்கில் எடுக்காமல் விடலாம் என்ற இடமும் இல்லை.

இங்கே வந்தால் அது பாங்காக்கில் நீங்கள் பட்டது மாதிரி இருக்காது. நம் ஊருக்குக் கீழே பெரும்பாலும் கெட்டிப் பாறை, அதுவும் பல இடங்களில் அதிக ஆழத்தில் இல்லை. பாறை அலையைப் பெரிதாக்காது. பக்கத்திலிருந்தே வரும் 6 அளவு நிலநடுக்கம் சில வினாடிகளில் முடிந்துவிடும்; ஆனால் வெடுக்கென்று, வேகமாக உலுக்கும். அந்த வேகமான தாளம் ஒத்துப்போவது ஒன்று முதல் நாலைந்து மாடி வரை உள்ள விறைப்பான கட்டடங்களோடு. அதனால்தான் கொங்கு நாட்டில் எனக்கு உயரமான கட்டடங்களைப் பற்றி இருக்கிற கவலையைவிட, கீழே பார்க்கிங் விட்டு மேலே நான்கு மாடி ஏற்றிய கட்டடங்களைப் பற்றியும், பழைய கல்சுவர் வீடுகளைப் பற்றியும்தான் கவலை அதிகம். ஒரு விலக்கு உண்டு. குளத்தை ஒட்டிய நிலம், மண் கொட்டி மேடாக்கிய பழைய வயல், ஆழமான கரிசல், இந்த மாதிரி இடங்களில் மண்ணும் சேர்ந்து வேலை காட்டும். உங்கள் கட்டடத்துக்கு மண் பரிசோதனை அறிக்கை இருக்கும், அதைக் கேட்டு வாங்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது சாளை. 1993 செப்டம்பர் 30 அதிகாலை மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பக்கம் நடந்ததை உங்கள் வீட்டுக்காரருக்கும் நினைவிருக்கும். 6.2 அளவுதான். அன்றைய வரைபடத்தில் அது மிகக் குறைந்த ஆபத்துள்ள மண்டலம். ஆயிரக்கணக்கானவர்கள் தூக்கத்திலேயே போய்விட்டார்கள். அவர்களைக் கொன்றது பெரும்பாலும் அவர்களுடைய வீடுதான்: மண் வைத்துக் கட்டிய தடித்த கல்சுவர், மேலே கனமான மண் கூரை. நம் பக்கத்து ஓட்டுக் கூரை அதைவிட எவ்வளவோ இலேசு, அது நமக்கு ஓர் ஆறுதல். ஆனால் சுவர் கிட்டத்தட்ட அதே சாதி. வெளிமுகத்துக்கு ஒரு வரிசைக் கல், உள்முகத்துக்கு ஒரு வரிசை, நடுவில் சில்லும் மண்ணும். பார்க்க ஒன்றரை அடி, இரண்டு அடி தடிமன் இருக்கும், யானை முட்டினாலும் அசையாது என்று தோன்றும். பக்கவாட்டில் உலுக்கினால் இரண்டு முகமும் தனித்தனியாகப் பிரிந்து, ஆளுக்கொரு பக்கம் சரியும். அதன்மேல் நிற்கிற முக்கோண முகட்டுச் சுவர்தான் முதலில் விழும்.

அதற்காகச் சாளையை இடிக்கச் சொல்லவில்லை. மழைநீர் இறங்கி வயிறு தள்ளியிருக்கும் இடங்களை முதலில் பாருங்கள். அந்தப் பகுதியைப் பிரித்து, சுவரின் இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடிக்கிற நீளக் கற்களை இடையிடையே வைத்துக் கட்ட வேண்டும். கதவு, ஜன்னலுக்கு மேல்மட்டத்தில் வீட்டைச் சுற்றி, எந்த இடத்திலும் அறுபடாமல், கம்பி வலை அடித்துச் சிமெண்ட் பூசிய பட்டை ஒன்று ஓட வேண்டும். உள்ளேயும் வெளியேயும் ஓடும் இரண்டு பட்டைகளையும் சுவரைத் துளைத்துக் கம்பியால் இணைக்க வேண்டும். புதிதாகக் கட்டுவதானால் இதே வேலையை லிண்டல் செய்யும். நம் ஊரில் கொத்தனார்கள் ஜன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாக லிண்டல் போட்டு நிறுத்திவிடுவார்கள், சிமெண்டும் கம்பியும் மிச்சம் என்று. சுற்றிலும் முழுதாக ஓடாத லிண்டல் நிலநடுக்கத்தில் சுவர்களைச் சேர்த்துக் கட்டாது. இந்த வேலைகள் முடிந்த பிறகு சாளைக்குப் போய்க் குடியிருங்கள், சந்தோஷமாக இருங்கள். நல்ல காற்று, நல்ல தண்ணீர், உங்கள் முழங்காலுக்கும் படி இல்லை.

இனி உங்கள் 12 மாடிக்கு வருகிறேன். கீழே முழுக்க பார்க்கிங் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான். 2001 ஜனவரி 26-இல் புஜ் நிலநடுக்கம் வந்தபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் உட்கார்ந்துவிட்டன. அவற்றில் நிறைய, கீழே வெறும் தூண்களை மட்டும் வைத்து வண்டி நிறுத்த விட்டவை. மேல் மாடிகளில் எல்லா அறைகளுக்கும் சுவர் இருப்பதால் அவை ஒரே பெட்டியாக விறைத்து நிற்கும். சுவரே இல்லாத கீழ்த்தளம் மட்டும் அத்தனை வளைவையும் தனியாக வாங்கும். பில்லர்களின் தலையும் காலும் நொறுங்கினால் மேலே உள்ளது அப்படியே இறங்கும். ஒன்பதாவது மாடியில் நீங்கள் என்ன செய்தாலும் அதைத் தடுக்க முடியாது. ஆகவே உயரத்தை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். லிஃப்டில் இறங்கி, பார்க்கிங்கில் ஒரு நடை நடந்து பாருங்கள்.

முதலில் லிஃப்ட் கூண்டைச் சுற்றியுள்ள சுவரைப் பாருங்கள். அது தரையிலிருந்தே கான்கிரீட் சுவராக எழும்புகிறதா, அல்லது செங்கல்லா? 12 மாடிக் கட்டடம், நான்கு வருடம்தான் ஆகிறது என்பதால் பெரும்பாலும் கான்கிரீட் சுவராகத்தான் இருக்கும். அப்படியானால் பாதி நிம்மதி. லிஃப்ட் தவிர வேறு இடங்களிலும், பில்லரைவிட நீளமாக, ஐந்தாறு அடி அகலத்தில் கான்கிரீட் சுவர்கள் தரையிலிருந்து மேலே போகின்றனவா என்று பாருங்கள். அவை கட்டடத்தின் ஒரே மூலையில் குவிந்திருந்தால் நல்லதில்லை, கட்டடம் முறுக்கிக்கொள்ளும். 2016 விதிநூல் திறந்த கீழ்த்தளம் வைத்தால் இப்படிப்பட்ட கான்கிரீட் சுவரோ குறுக்குச் சட்டமோ கொடுக்கத்தான் சொல்கிறது.

அடுத்து, முதல் மாடியில் தொடங்குகிற பில்லர் ஏதாவது பீமின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கார் திரும்ப இடம் வேண்டும் என்பதற்காகக் கீழே ஒரு பில்லரை எடுத்துவிடுவார்கள். அது கணக்குப் போட்டுச் செய்ததா என்று பொறியாளர்தான் சொல்ல வேண்டும். பிறகு, குழாய் கொண்டுபோக பில்லரைக் கொத்தியிருக்கிறார்களா, பீமில் ஏசி குழாய்க்கு ஓட்டை போட்டிருக்கிறார்களா, தண்ணீர் கசிந்து கம்பி துருப்பிடித்து கான்கிரீட் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். கழிவுநீர் சுத்திகரிக்கும் தொட்டி இருக்கும் பக்கத்துப் பில்லர்களை விடாதீர்கள், துரு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பில்லருக்குள் நேராக நிற்கிற கம்பிகளைச் சுற்றி ரிங் போடுவார்கள். நிலநடுக்கத்தில் பில்லரைக் காப்பாற்றுவது அந்த மெல்லிய ரிங்தான். கான்கிரீட் விரிந்து உடையப் பார்க்கும்போது அதைக் கட்டிப் பிடிப்பது அது. அதன் இரண்டு முனைகளும் 135 டிகிரி மடங்கி, பில்லரின் வயிற்றுக்குள் கொக்கி போட்டிருக்க வேண்டும். வெறும் 90 டிகிரியில் மடக்கியிருந்தால், வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் அவிழ்ந்துவிடும். பில்லரின் தலையிலும் காலிலும் ரிங்குகளின் இடைவெளி 100 மில்லிமீட்டரை, அதாவது நாலு அங்குலத்தைத் தாண்டக்கூடாது. ஐ.எஸ். 13920 என்ற விதிநூல் மூன்றாம் மண்டலத்தின் கான்கிரீட் கட்டடங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அவிநாசிப் பக்கம் ஒரு வேலையிடத்தில் எல்லா ரிங்கும் 90-இல் மடங்கியிருப்பதைப் பார்த்துக் கம்பி கட்டும் தம்பியிடம் கேட்டேன். “அவ்ளோ மடக்குனா உள்ள எறக்க முடியாதுங்ணா” என்றார். மேலிருந்து ஒவ்வொன்றாகக் கோத்து இறக்கிக் காட்டச் சொன்னேன், இறங்கியது. நேரம்தான் கூடுதலாகப் பிடித்தது. அந்த நேரத்துக்குக் கூலி யாரும் கொடுப்பதில்லை, அதனால்தான் அவர் அப்படி மடக்கினார். வீடு கட்டுகிற யார் இதைப் படித்தாலும், கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் சாயந்திரம் போய் ரிங்கின் கொக்கியைக் கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள். மறுநாள் கான்கிரீட் மூடிவிட்டால் பிறகு யாருக்கும் தெரியாது.

உங்கள் கட்டடத்தில் அது மூடிவிட்டது. ஆகவே காகிதம் பேச வேண்டும். அசோசியேஷன் பெயரில் கட்டுநருக்குக் கடிதம் எழுதி, கட்டமைப்பு வரைபடங்கள், மண் பரிசோதனை அறிக்கை, கட்டமைப்புப் பொறியாளரின் சான்று, கான்கிரீட் கட்டிகளின் சோதனை முடிவுகள் நான்கையும் கேளுங்கள். நல்ல கட்டுநர் கொடுத்துவிடுவார். வரைபடத்தில் எந்த மண்டலத்துக்குக் கணக்குப் போட்டார்கள் என்பது எழுதியிருக்கும். இதை உடனே செய்யச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை இருப்பதாகத் தெரிவித்தால், கட்டுநர் 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்துதர வேண்டும். உங்களுக்கு நான்கு வருடம் ஓடிவிட்டது. இதைத் தள்ளிப்போட்டால் அந்த உரிமை கையைவிட்டுப் போய்விடும்.

காகிதம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கட்டுநரோடு தொடர்பில்லாத ஒரு கட்டமைப்புப் பொறியாளரை வைத்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். வாஸ்து பார்ப்பவரோ உள் அலங்காரம் செய்பவரோ இதற்கு ஆகாது. கான்கிரீட்டை உடைக்காமல் சுத்தியல் கருவியாலும் ஒலி அலையாலும் அதன் தரத்தைச் சோதிக்கலாம். ஸ்கேனர் வைத்தால் ரிங் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று இருக்கிறது என்பது தெரியும். கொக்கி மடங்கிய விதம் ஸ்கேனரில் சரியாகத் தெரியாது; ஓரிரு பில்லரில் மேல்பூச்சை மட்டும் கொஞ்சம் உடைத்துப் பார்த்து, உடனே தரமான கலவையால் அடைத்துவிட வேண்டும். குறை இருந்தால் அதற்கு வழி இருக்கிறது. பில்லரைச் சுற்றிப் புதிய கம்பி கட்டித் தடிமனாக்கலாம். பார்க்கிங்கில் சில பில்லர்களுக்கிடையே கான்கிரீட் சுவர் எழுப்பலாம், இரும்புக் குறுக்குச் சட்டம் மாட்டலாம். இதில் இரண்டு, மூன்று கார் நிறுத்தும் இடம் போகும். அசோசியேஷன் கூட்டத்தில் சண்டை வருவது அங்கேதான் என்பது எனக்குத் தெரியும். யாருடைய இடம் போகிறதோ அவருக்கு எல்லோரும் சேர்ந்து ஈடு கொடுத்துவிடுங்கள். எத்தனையோ குடும்பங்கள் தலைக்கு மேல் இருக்கும் கட்டடத்தில் ஒரு காரின் இடத்துக்காக இந்த வேலை நின்றுபோகக் கூடாது.

இனி அந்தச் சில வினாடிகள். ஆட்டம் தொடங்கியதும் ஓடாதீர்கள். உயரமான கட்டடத்தில் படிக்கட்டில் விழுந்தும், நெரிசலில் மிதிபட்டும், கண்ணாடி தலையில் விழுந்தும் அடிபடுவதற்கே வாய்ப்பு அதிகம். பாங்காக்கில் இரண்டு முறை விழப் பார்த்தேன் என்கிறீர்கள். 24 மாடி இறங்கும் படியில் அது இடுப்பெலும்பு முறிவாக முடிந்திருக்கலாம். கீழே குனிந்து, கனமான மேசைக்கடியில் புகுந்து, அதன் காலைப் பிடித்துக்கொள்வதுதான் முறை. முழங்கால் மடங்காது என்றால் மேசைக்கடியில் போகப் பாடுபட வேண்டாம். ஜன்னலும் பீரோவும் இல்லாத உள்சுவர் ஓரமாகத் தாழ்வான நாற்காலியிலோ கட்டில் விளிம்பிலோ உட்கார்ந்து, தலையணையைத் தலைமேல் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். படுத்திருந்தால் படுத்தபடியே தலையணையால் தலையை மூடிக்கொள்ளுங்கள். வாசல் நிலைக்கட்டில் நிற்பது பழைய யோசனை. இன்றைய கட்டடத்தில் அது எந்தப் பாதுகாப்பும் தராது, கதவு அடித்துக் கையை நசுக்கத்தான் செய்யும். லிஃப்டுக்குள் இருந்தால் எல்லா மாடிப் பொத்தான்களையும் அழுத்தி, முதலில் நிற்கிற இடத்தில் வெளியே வந்துவிடுங்கள்.

வீட்டுக்குள் என்ன விழும் என்று ஒருநாள் சுற்றிப் பாருங்கள். கட்டில் தலைமாட்டுக்கு மேல் லாஃப்டில் பித்தளை அண்டா இருந்தால் இன்றைக்கே இறக்குங்கள். இரும்பு பீரோவை எல் வடிவப் பட்டை வைத்துச் சுவரோடு திருகிவிடுங்கள். பால்கனிக் கைப்பிடிச் சுவரின்மேல் பூந்தொட்டி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஒன்பது மாடிக்குக் கீழே யார் நிற்கிறார்களோ. ஊஞ்சல் இருந்தால் அதன் கொக்கி ஸ்லாபின் கம்பியில் மாட்டியதா, பின்னால் துளை போட்டு அடித்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஊஞ்சலுக்கு எதிரில் கண்ணாடி அலமாரி வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் செருப்பு, டார்ச், மாத்திரை மூன்றும் இருக்கட்டும். இருட்டில் உடைந்த கண்ணாடிமேல் வெறுங்காலோடு நடக்க வேண்டி வரும்.

ஆட்டம் நின்ற பிறகு கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, மெயின் சுவிட்சை அணைத்து, செருப்புப் போட்டுக்கொண்டு, படியில் நிதானமாக இறங்குங்கள். லிஃப்ட் வேண்டாம். அடுத்தடுத்துச் சின்ன அதிர்வுகள் வரும், அது இயல்பு. படிக்கட்டில் செருப்பு அலமாரியும் பழைய சைக்கிளும் அட்டைப்பெட்டியும் அடைத்து வைத்திருப்பது நம் அடுக்குமாடிகளின் பெரிய நோய்; அதை முதலில் காலி செய்ய வைத்துவிடுங்கள். தீயணைப்புப் பயிற்சி நடத்தும் நாளிலேயே இதையும் சேர்த்து ஒரு பயிற்சி நடத்தலாம். ஒன்று சேரும் இடம் கட்டடத்தை விட்டு நன்றாகத் தள்ளி, மின்கம்பியும் மேல்தொட்டியும் இல்லாத வெட்டவெளியாக இருக்க வேண்டும். அவசரத்துக்கு 112, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸ் 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. காவலாளி அறையில் எழுதி ஒட்டிவிடுங்கள். நடக்க முடியாதவர்கள் எந்த மாடியில் இருக்கிறார்கள், அவர்களை யார் அழைத்து வருவது என்ற பட்டியலும் அங்கேயே இருக்கட்டும்.

திரும்ப மேலே போகலாமா என்பதை விரிசல்தான் சொல்லும். சுவரும் பில்லரும் சேருமிடத்தில், சுவரும் பீமும் சேருமிடத்தில் மயிரிழை போல ஓடுகிற விரிசல் பூச்சு பிரிந்தது, பயமில்லை. செங்கல் சுவரில் பெருக்கல் குறி போல விரிசல் வந்தால் அந்தச் சுவர் அடிவாங்கியிருக்கிறது, பக்கத்தில் போக வேண்டாம், பழுதுபார்த்துக்கொள்ளலாம். பில்லரிலேயே சாய்வாக விரிசல், அல்லது பில்லரின் தலையிலோ காலிலோ கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிகிறது என்றால் யார் சொன்னாலும் மேலே ஏறாதீர்கள். நகை, பத்திரம் எடுக்கக்கூட வேண்டாம். பொறியாளர் வந்து பார்த்து எழுத்தில் கொடுக்கட்டும்.

விற்பதைப் பற்றிய முடிவை அந்தப் பொறியாளரின் அறிக்கை வரும்வரை நிறுத்தி வையுங்கள். வீட்டுக்காரரிடம் சாளைக்கு மேஸ்திரியைக் கூட்டிவந்து சுவரைக் காட்டச் சொல்லுங்கள், இரண்டு வேலையும் ஒரே சமயத்தில் நடக்கட்டும். பொறியாளரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: இந்தக் கட்டடம் எந்த மண்டலத்துக்கு, எந்த ஆண்டு விதிநூல்படி கணக்கிடப்பட்டது, பார்க்கிங் தளம் மேல் தளங்களைவிட எவ்வளவு பலவீனம், எந்தெந்த பில்லரை முதலில் பலப்படுத்த வேண்டும். அறிக்கை வந்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்து எழுதுகிறேன்.